அத்தையை எந்த அத்தையாக நினைவில் வைப்பது?

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் வயது 43. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, போன வருடம் 78 வயதில் காலமானார். முதலாண்டு நினைவு நாளுக்கு ஒரு சிறிய நினைவு மலர் போடலாம் என்று குடும்பத்தில் முடிவாகி, எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ‘உனக்குத்தான் அவளிடம் ஒட்டுதல் அதிகம்’ என்றார்கள். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு பத்தி கூட ஓடவில்லை.

அத்தை பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்த ஒரு பருவத்தில், பதினைந்து வயதிலேயே டிராக்டர் ஓட்டி உழவை முடித்தவர். வயிற்றில் தலை மாறிக் கிடந்த கன்றை ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் கைவிட்டுத் திருப்பி எடுத்த கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் கன்று கொஞ்சம் பெரிதாகும். அப்புறம் கால்நடை மருந்து விற்கும் வேலையில் சேர்ந்து, மோட்டார் சைக்கிளில் பண்ணை பண்ணையாகச் சுற்றினார். லீவு கிடைத்தால் மலையேறக் கிளம்பிவிடுவார், பெரும்பாலும் தனியாக. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், ‘பின் சீட்டில் உட்கார்ந்து வரச் சம்மதிக்கிற ஆள் கிடைக்கவில்லை’ என்பார். பண்ணையை அப்பாதான் கடைசிவரை பார்த்துக்கொண்டார், முடியாமல் போனபோது விற்றார்.

கடைசி மூன்று வருடங்கள் அத்தைக்கு டிமென்ஷியா. எங்கள் வீட்டில்தான் இருந்தார். வண்டிச் சாவியை ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. குளிக்க வைக்கப் போனால் அடிக்க வருவார். பொழுது சாய்ந்தால், ‘மாட்டையெல்லாம் பிடித்துக் கட்டியாச்சா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்பார். இப்போது பேனாவை எடுத்தால் இந்தக் காட்சிகள்தான் வருகின்றன. மலையும் மோட்டார் சைக்கிளும் யாரோ சொன்ன கதை மாதிரி தள்ளி நிற்கின்றன.

இதற்கு நடுவில் அப்பா, ‘குடும்பத்துக்காகத் தன்னைத் தேய்த்துக்கொண்டவள் என்று எழுது, ஊர் சுற்றியதெல்லாம் எதற்கு?’ என்கிறார். அத்தை அப்படித் தேய்ந்தவரே இல்லை! அவர் ஒரு சுதந்திரப் பறவை, பயம் என்றால் என்னவென்றே தெரியாதவர். பெரியப்பா மகன் ஒருவர், ‘காலாகாலத்தில் கல்யாணம் செய்திருந்தால் கடைசியில் இப்படி ஆகியிருக்காது’ என்றார். அன்றைக்குச் சண்டையே வந்துவிட்டது.

இன்னொன்று. கார் ஓட்டும்போது மனதுக்குள் அத்தையோடு பேசுகிறேன், பதிலும் கேட்கிற மாதிரி இருக்கிறது. ‘நீ இன்னும் முதல் கட்டத்தையே தாண்டவில்லை’ என்கிறாள் தோழி. எனக்கு ஏதாவது கோளாறா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கோளாறு இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தோழி சொல்லும் கட்டங்கள், அதாவது மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடியும் ஐந்து கட்டங்கள், 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் எழுதியவை. அவர் அதிகமும் பேசியது சாகக் கிடந்த நோயாளிகளோடு. இழந்தவர்கள் ஏறித் தீர வேண்டிய படிக்கட்டாக அது பிற்பாடு ஆக்கப்பட்டது. துக்கம் அப்படி வரிசையில் வருவதை என் அறையில் நான் பார்த்ததில்லை.

இறந்தவரோடு மனதுக்குள் பேசுவதை ஒரு காலத்தில் எங்கள் உளவியல் துறையே சந்தேகமாகத்தான் பார்த்தது. இறந்தவரிடமிருந்து மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுப்பதுதான் துக்கத்தின் வேலை என்று உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்ட் 1917இல் எழுதினார். 1920இல் அவருடைய மகள் சோஃபி இறந்துபோனார். ஒன்பது வருடம் கழித்து, மகனை இழந்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எதுவும் முழுதாக நிரப்பாது, அப்படி இருப்பதுதான் சரியும்கூட என்று அதே ஃபிராய்ட் எழுதுகிறார். துறை அவரளவுக்கு வேகமாக மாறவில்லை. துக்கத்தை ஆராய்ந்த டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் சேர்ந்து, இறந்தவரோடு உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பானது என்று விரிவாக வாதிட்டது 1996இல்தான். ஆகவே காரில் பேசுங்கள். அத்தை பதிலுக்குக் கிண்டல் செய்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, எழுத உட்கார்ந்தால் ஏன் அந்தக் கடைசி வருடங்களே வருகின்றன? ஒரு காரணம் எளிது. அது சமீபத்தில் நடந்தது, தினமும் நடந்தது, உங்கள் கைகளே செய்தது. மலையேறியதை நீங்கள் கேட்டுத்தான் தெரிந்துகொண்டீர்கள். குளிக்க வைத்ததை உங்கள் உடம்பே நினைவில் வைத்திருக்கிறது. இன்னொரு காரணம், ஒரு வாழ்க்கையை எடைபோடும்போது நம் எல்லோருக்குமே வருகிற ஒரு கோணல். உளவியலாளர் எட் டீனரும் அவருடைய சகாக்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பற்றியது. மிக நன்றாக வாழ்ந்து சட்டென்று முடிந்த ஒரு கற்பனை வாழ்க்கையைப் படிக்கக் கொடுத்தார்கள். அதே வாழ்க்கையோடு, அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் ஓரளவு இனிமையான சில வருடங்களைக் கூடுதலாகச் சேர்த்தும் கொடுத்தார்கள். கூடுதல் வருடங்கள் சேர்ந்த வாழ்க்கைக்குத்தான் குறைந்த மதிப்பெண் விழுந்தது. கணக்குப்படி பார்த்தால் இதில் அர்த்தமே இல்லை. நல்ல வருடங்கள் ஒன்றும் குறையவில்லையே! ஆனாலும் மனம் முடிவைப் பார்த்துத்தான் மொத்தத்துக்கும் விலை சொல்கிறது. உங்கள் வீட்டில் எல்லோரும் செய்வதும் இதுதான். 75 வருடம் ஒரு பக்கம், மூன்று வருடம் இன்னொரு பக்கம். அந்த மூன்றை வைத்து ‘பாவம்’ என்று முடித்துவிடுகிறார்கள்.

அதற்காக அந்த மூன்று வருடங்களை மலரிலிருந்து வெட்டிவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த வருடங்களிலும் இருந்தது அதே அத்தைதான். டிமென்ஷியாவில் பொதுவாகச் சமீபத்திய நினைவுகள் முதலில் கழன்று போகும், இளவயது நினைவுகள் அதிக காலம் தாக்குப்பிடிக்கும். பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடுவதும் இந்த நோயில் சகஜம். அந்த நேரத்தில் உங்கள் அத்தைக்கு வந்தது என்ன? மாட்டைக் கட்ட வேண்டுமே என்கிற கவலை. பண்ணையில் வளர்ந்தவருக்கு அந்திப் பொழுதின் தலையாய வேலை அது. பத்து வயதுப் பெண்ணின் பொறுப்பு 78 வயதிலும் விட்டுப்போகவில்லை. குளிக்க மறுத்ததையும் நோயின் கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள். யாரென்று பிடிபடாத ஒருவர் திடீரென்று தன் உடையில் கை வைத்தால் எந்த மனுஷிக்கும் பயமும் கோபமும் வரும். ஆயுள் முழுக்கத் தன் முடிவுகளைத் தானே எடுத்தவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருக்கும்.

இனி எழுதுவதைப் பற்றி. உங்கள் கடிதத்தின் சிறந்த வரி எது தெரியுமா? ஒவ்வொரு தடவையும் கன்று கொஞ்சம் பெரிதாகும் என்பது. அதைப் படித்ததும் உங்கள் அத்தை எனக்குத் தெரிந்தார். ‘சுதந்திரப் பறவை’ என்ற இடத்தில் மறைந்துபோனார். பயமே தெரியாதவர் என்கிறீர்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தனியாக மலையேறுகிறவர்கள் பயம் தெரிந்தவர்கள். அதனால்தான் வானிலை பார்த்துக் கிளம்புகிறார்கள், திரும்பி வருகிறார்கள். எதற்குப் பயந்தார், பாதியில் திரும்பியது உண்டா, எந்த முடிவுக்கு வருத்தப்பட்டார் என்று தேடுங்கள். அப்பா அவரைத் தியாகியாக்கப் பார்க்கிறார், நீங்கள் வீராங்கனையாக்கப் பார்க்கிறீர்கள். இரண்டுமே சிலைதான்.

தேடுவதற்கு ஆட்கள் இருப்பார்கள். கூட வேலை பார்த்தவர்கள், அவர் மருந்து கொடுத்துவந்த பண்ணைக்காரர்கள், வண்டியைப் பழுது பார்த்தவர். ‘அத்தை எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமான மனுஷி’ என்ற பதில்தான் வரும், அது எதற்கும் உதவாது. ‘அவரோடு எதற்காவது சண்டை போட்டிருக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். பழைய படங்களைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. தள்ளி நிற்கிற அந்த மோட்டார் சைக்கிள் இப்படித்தான் பக்கத்தில் வரும்.

முக்கியமாக உங்கள் அப்பா. பண்ணையை அப்பாதான் கடைசிவரை பார்த்துக்கொண்டார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அங்கே நான் நின்றுவிட்டேன். அக்கா கிளம்பிப் போக முடிந்ததற்குத் தம்பி தங்கியதும் ஒரு காரணம். அதை அவர் விரும்பிச் செய்தாரா, வேறு வழியில்லாமல் செய்தாரா என்று யாராவது கேட்டதுண்டா? குடும்பத்துக்காகத் தேய்ந்தவள் என்று அவர் அக்காவைப் பற்றிச் சொல்வது, ஒருவேளை தன்னைப் பற்றி யாரும் சொல்லாத சொல்லாக இருக்கலாம். இது என் ஊகம்தான், அவரிடம் போய் இப்படியே சொல்லிவிடாதீர்கள். ஆனால் கூடப் பிறந்தவரை இழந்தவரின் துக்கம் குடும்பங்களில் எப்போதும் பின்வரிசைக்குத்தான் போகிறது. உங்கள் வீட்டில் எல்லோரும் உங்கள் ஒட்டுதலைத்தான் பேசுகிறார்கள். அத்தையின் முதல் இருபது வருடங்களுக்கு இப்போது மிஞ்சியிருக்கும் நேரடிச் சாட்சி அவர் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

எழுதியதைக் காட்டி அவரிடம் ஒப்புதல் வாங்கப் போகாதீர்கள், மறுபடி சண்டைதான் வரும். அந்த டிராக்டர் கதையை அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள், போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். மலரில் அவர் சொல்வது அவர் பெயரில் வரட்டும், உங்களுடையது உங்கள் பெயரில். முரண்பட்டால் முரண்படட்டும். தம்பிக்கு ஒரு அக்கா, மருமகளுக்கு ஒரு அத்தை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு வருடம் ஆன பிறகும் அழுகை வருவது மட்டும் கவலைக்குரியது அல்ல. பெரியவர்களுக்கு ஒரு வருடம் தாண்டியும், அநேகமாகத் தினமும், ஏக்கம் வேலையையும் உறவுகளையும் முடக்கிப்போடுகிறதென்றால்தான் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வரையறை சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இந்தக் காலம் ஆறு மாதம். நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா, தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. இவற்றில் எதுவாவது குலைந்திருந்தால், அல்லது வாழவே பிடிக்கவில்லை என்று எண்ணம் வந்தால், தள்ளிப்போடாமல் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

பெரியப்பா மகனுக்கு மலரில் பதில் எழுத வேண்டாம். டிமென்ஷியா கல்யாணமானவர்களுக்கும் வருகிறது. தவிர, உங்கள் அத்தை கைவிடப்பட்டுச் சாகவில்லை, உங்கள் வீட்டில் மூன்று வருடம் இருந்தார். அடுத்த தடவை பெரியப்பா மகன் அந்தப் பேச்சை எடுத்தால் இதை மட்டும் சொல்லிவிட்டு, கன்றுக் கதை அவருக்கு எந்த அளவில் சொல்லப்பட்டது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.