ராமகிருஷ்ண மடத்தில் துறவியாகச் சேர: வேலையை விடுவதற்கு முன்

கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கும் 26 வயது வாசகர் கேட்கிறார்: "ராமகிருஷ்ண மடத்தில் துறவியாக வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்தே ஆசை. வேலையை விட்டுவிட்டு நேரே பேலூர் போய்விடலாமா? காவி கிடைக்க எத்தனை வருஷம் ஆகும்? கல்விக் கடன் பாக்கி இருக்கிறது, அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை."

பேலூருக்கு டிக்கெட் போட வேண்டாம். தலைமை மடம் கொல்கத்தா பக்கத்தில் இருந்தாலும் சேர்வது பொதுவாக ஒரு கிளை மையத்தின் வழியாகத்தான், அந்த மையத்தின் சுவாமிகள் உங்களைப் பார்த்துப் பழகி, இந்தப் பையன் தாங்குவான் என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் (மடத்தோடு இணைந்த சேவை அமைப்பு) வித்யாலயம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விடுமுறையில் போங்கள், சில நாள் தங்க அனுமதி கேளுங்கள், கொடுக்கிற வேலையைச் செய்யுங்கள். வயது வரம்பு உண்டு, அது படிப்பைப் பொறுத்தும் அமையும் என்பதால் முதல் சந்திப்பிலேயே அதைக் கேட்டுவிடுங்கள்.

இனி காலக் கணக்கு. முதல் வருஷம் தகுதி பார்க்கும் காலம். அடுத்த நான்கு வருஷம் பயிற்சி நிலை, இதற்குள் இரண்டு வருஷம் பேலூர் பயிற்சி மையத்தில் தங்கி உபநிடதம், கீதை, சமஸ்கிருதம், ராமகிருஷ்ணர், விவேகானந்தர் பற்றிய பாடங்கள் எல்லாம் படிக்க வேண்டும். அதன் முடிவில் பிரம்மசரிய தீட்சை: வெள்ளை உடை, குடுமி, புதுப் பெயர். இன்னும் நான்கு வருஷம் கழித்து, தகுதி இருப்பதாக மடம் கருதினால்தான் சந்நியாசம். ஆக, ஒன்பது வருஷத்துக்குக் குறையாது.

ஒன்பது வருஷமா என்று மலைக்காதீர்கள், அந்த நீளம் உங்கள் நன்மைக்குத்தான். விவேகானந்தர் 1897-ல் மிஷனைத் தொடங்கியபோதே தன் விடுதலையும் உலக நன்மையும் சேர்ந்ததுதான் லட்சியம் என்று வைத்தார், அதனால் இங்கே பயிற்சியின் பெரும்பகுதி தியான அறைக்கு வெளியே நடக்கிறது. விடியுமுன் எழுந்து ஜபம், அப்புறம் பூஜைக்குப் பூப்பறிப்பது, காய் நறுக்குவது, விடுதிப் பையன்களின் சாப்பாட்டுக் கணக்கு, படுத்த படுக்கையாக இருக்கும் வயதான சுவாமிக்குப் பணிவிடை. சம்பளம் கிடையாது, எந்த ஊருக்குப் போகச் சொன்னாலும் போக வேண்டும். உள்ளபடியே உங்களுக்கு வேண்டியது வேதாந்தப் படிப்பு மட்டும்தான் என்றால் அதற்குத் துறவியாக வேண்டியதே இல்லை, ஆனைகட்டி ஆர்ஷ வித்யா குருகுலம் கோவைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று, ராமகிருஷ்ணர் பெயர் இருப்பதெல்லாம் பேலூரின் கிளை இல்லை. திருப்பராய்த்துறை ஸ்ரீ ராமகிருஷ்ண தபோவனம் 1942-ல் சுவாமி சித்பவானந்தர் தொடங்கிய தனி அமைப்பு, அதற்கு அதன் முறைகள். பெண்களுக்கு 1954-ல் தட்சிணேசுவரத்தில் தொடங்கிய ஸ்ரீ சாரதா மடம், அதுவும் சுதந்திரமான நிர்வாகம்தான்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். சந்நியாசத்துக்கு முன் முன்னோருக்கும் தனக்கும் தானே சிராத்தம் செய்துவிட்டு, சந்நியாசம் ஏற்கும்போது செய்யும் விரஜா ஹோமத்தில் பழைய அடையாளத்தையே விட வேண்டும். பெற்ற மகன் தனக்கே கருமம் செய்துகொண்டான் என்பதை அம்மா யாரோ சொல்லிக் கேள்விப்படக் கூடாது. இப்போதே சொல்லுங்கள், அழுவார், சண்டை போடுவார், போடட்டும். முடிந்தால் ஒருநாள் அவரையும் மடத்துக்குக் கூட்டிப்போய் சுவாமிகளிடம் பேச வையுங்கள். சட்டமும் இதை லேசாக எடுப்பதில்லை: முறைப்படி உலகைத் துறந்தவரைக் குடும்பச் சொத்துரிமையிலிருந்து விலகியவராகவே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயருக்குப் பதில் குருவின் பெயரைப் போடவும் 2016 முதல் வழி இருக்கிறது. பிரம்மசாரியாக இருக்கும்வரை இந்த முழுத் துறப்பு கிடையாது, மனம் மாறினால் வீட்டுக்குத் திரும்பலாம்.

கடனை அடைத்துவிட்டுத்தான் போக வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. கல்விக் கடனில் பெரும்பாலும் பெற்றோர் இணைக் கடனாளி, நீங்கள் மடத்துக்குள் போனால் வங்கிக்காரர் அம்மா வாசலில் வந்து நிற்பார். கடன் முடியும்வரை வேலையில் இருங்கள், சனி ஞாயிறு பெரியநாயக்கன்பாளையம் போய்வாருங்கள், கடன் இருப்பதைச் சுவாமிகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.