பிள்ளையின் உண்டியலில் கைவைக்காதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு ஒரு வேடிக்கை உண்டியல் பரிசாக வந்திருக்கிறது. காசை வைத்தால் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பூனை எட்டிப் பார்த்து அதை இழுத்துக்கொள்கிறது. இதனால் சேமிப்புப் பழக்கம் வருமா, இல்லை, இது வெறும் விளையாட்டுச் சாமான்தானா?

பதில்: அந்த 'வெறும்' வேண்டாமே! 1869இல் அமெரிக்காவில் ஜான் ஹால் என்பவர் காப்புரிமை வாங்கிய வார்ப்பிரும்பு உண்டியல் ஒன்று உண்டு. குட்டி வங்கிக் கட்டடம். வாசலில் இருக்கும் மணிக்குமிழை இழுத்தால் கூரை திறந்து காசாளர் மேலே வருவார். அவர் முன்னால் காசை வைத்ததும், அந்தக் காசின் எடையிலேயே அவர் உள்ளே இறங்க, கூரை மூடிக்கொள்ளும். பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை. ஒரு நாணயத்தின் எடையை வைத்தே நாடகம் நடத்திய மனிதரை 'வெறும்' என்று சொல்ல எனக்கு மனம் வராது.

1870களில் வந்த டாமனி உண்டியல் எனக்கு இன்னும் பிடிக்கும். நாற்காலியில் ஒரு பருத்த அரசியல்வாதி. கையில் காசை வைத்தால் கை இறங்கிக் காசைக் கோட்டுப் பைக்குள் போடும், தலை நன்றி சொல்வதுபோல் ஆடும். நியூயார்க்கை ஆட்டிப்படைத்த டாமனி ஹால் என்ற அரசியல் கும்பலைத்தான் அப்படிக் கிண்டல் செய்தார்கள். அதன் தலைவர் ட்வீட் நகரத்தின் கஜானாவைச் சுரண்டியவர். தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியரின் கார்ட்டூன்கள் அவரைத் தூங்கவிடவில்லை. 1873இல் தண்டனை விழுந்தது. பிறகு காவலிலிருந்து தப்பி ஸ்பெயினுக்கு ஓடியவரை அங்கே அடையாளம் காட்டிக்கொடுத்ததும் நாஸ்டின் கார்ட்டூன்தான். கார்ட்டூனுக்கு இடம் இல்லை என்று சொல்லும் பத்திரிகை ஆசிரியர்களோடு நான் விடாமல் சண்டை போடுவது இதனால்தான்.

சரி, பழக்கம் வருமா என்றீர்கள். பூனையைப் பார்க்கிற ஆசையில் கொஞ்ச நாள் காசு போடுவாள். அப்புறம் பூனை அலுத்துவிடும். அதற்குள், உள்ளே இருப்பது தன் காசு என்ற நம்பிக்கை அவளுக்கு வந்துவிட்டால் தொடர்ந்து போடுவாள். அந்த நம்பிக்கையைக் கெடுப்பவர்கள் வீட்டுப் பெரியவர்கள். அவசரத்துக்குச் சில்லறை இருக்காது. கை நேராக உண்டியலின் அடியில் இருக்கும் ரப்பர் மூடிக்குப் போகும். "அப்புறம் போட்டுடறேன் கண்ணு" என்பார்கள், போடமாட்டார்கள். பிள்ளை உண்டியலைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்க்கும். சத்தம் மாறியிருப்பது அதற்கு நன்றாகத் தெரியும்.

இதைத் திருட்டு என்று முன்பு இதே பக்கத்தில் எழுதினேன். 'பெற்ற பிள்ளையின் காசை எடுப்பது திருட்டா?' என்று கொதித்துப்போய்க் கடிதம் போட்டார்கள். திருட்டுதான். கேட்டு வாங்குங்கள், சொன்ன நாளில் திருப்பிக் கொடுங்கள். 'தரமாட்டேன்' என்றாளானால் பேசாமல் வந்துவிடுங்கள்.

இன்னொன்று, நிரம்பிய பிறகு அலமாரியில் வைத்து அழகு பார்க்க வேண்டாம். பிரிட்டனில் பழைய வட்டப் பவுண்டு நாணயம் 2017 அக்டோபரோடு கடைகளில் செல்லாமல் போனது. மறந்துபோன உண்டியல்களில் கிடந்தவற்றுக்கும் அதே கதிதான், வங்கியில் கொண்டுபோய்க் கட்ட வேண்டியதாயிற்று. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது அமெரிக்காவில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தது. நாட்டில் நாணயம் இருந்தது, ஆனால் வீட்டு ஜாடிகளிலும் மூடிய கடைகளிலும் முடங்கிவிட்டது. இருப்பதை வெளியே எடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொள்ளும்படி ஆனது.

அதனால் நிரம்பியதும் மகளையே எண்ணச் சொல்லுங்கள். அவள் பெயரில் கணக்குத் தொடங்கி, அவள் கையாலேயே கட்டச் சொல்லுங்கள். பாதிக் காசில் தனக்குப் பிடித்ததை வாங்கப்போகிறேன் என்றால், கூடவே போய் வாங்கிக் கொடுங்கள்.