பாலி வேற்றுமை அட்டைகள் ஏன் கைகொடுக்கவில்லை?

வணக்கம். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியைக் கற்க, 'புத்த' என்னும் சொல்லின் எட்டு வேற்றுமைகளையும் ஒரே மனப்பாட அட்டையில் எழுதி ஒப்பித்தும், வாசிக்கும்போது அவை பிடிபடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டு, அட்டைக்கு ஒரு தொடர் வீதம் எழுதுங்கள்: 'புத்தஸ்ஸ ஸாவகோ' என்றால் புத்தருடைய சீடர், 'புத்தஸ்ஸ தானங் தேதி' என்றால் புத்தருக்குத் தானம் அளிக்கிறார், வடிவம் ஒன்றாகவே இருப்பதால், ஆறாம் வேற்றுமையா நான்காம் வேற்றுமையா என்பதைத் தொடர்தான் காட்டும், அட்டவணை காட்டாது.

வினைச்சொல்லுக்கு மட்டும் இதற்கு நேர்மாறாகச் செய்யலாம். 'கச்சதி'யை (போகிறார்) வைத்து 'அகமாஸி' (போனார்), 'கந்த்வா' (போய்), 'கத' (போன) ஆகியவற்றை ஊகிப்பது கடினம் என்பதால், அவை ஒரே அட்டையில் இருக்கட்டும்.

அட்டைகளைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள் (இங்கு நான் எழுதுவது வசதிக்காகவே). பழத்தைக் குறிக்கும் 'பல'வும் வலிமையைக் குறிக்கும் 'பல'வும் அதில் ஒன்றாகிவிடும். மேற்கோடு, கீழ்ப்புள்ளி போன்ற குறிகளுடன் கூடிய உரோமன் எழுத்தே போதுமானது.