எஸ்டிமேட்டும் கொட்டேஷனும் ஒன்றா?

திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கோரைப்பாய் நெய்து விற்கிறோம். பெங்களூரில் ஒரு கடைக்காரர், மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய் 20 வேண்டும், கொட்டேஷன் அனுப்புங்கள் என்று மெயில் போட்டிருக்கிறார். என் மகன் எஸ்டிமேட் என்று தலைப்புப் போட்டு அடித்து வைத்திருக்கிறான். இரண்டும் ஒன்றுதானே? முன்பணத்தை அட்வான்ஸ் என்று எழுதவா, டெபாசிட் என்று எழுதவா? தேதிக்கு முன்னால் 'பை' (by) வருமா, 'டில்' (till) வருமா?"

ஒன்று இல்லை. இன்னும் அனுப்பாமல் வைத்திருப்பது நல்லதாகப் போயிற்று.

எஸ்டிமேட் என்றால் உத்தேசக் கணக்கு. சுமாராக இவ்வளவு ஆகும், கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம் என்று பொருள். கொட்டேஷன் என்றால், இந்தப் பொருளை இந்த விலைக்குத் தருகிறேன் என்று சொல்வது. நடுவில் விலை ஏறினால் நட்டம் யாருக்கு என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கோரை காயாது, சாயம் போட்டதும் காயாது, காய்ந்த கோரைக்குக் கிராக்கி வந்துவிடும். எஸ்டிமேட் கொடுத்திருந்தால் விலையைத் திருத்திக் கேட்க வழி உண்டு. கொட்டேஷன் கொடுத்து, அவரும் சரி என்று எழுதிவிட்டால், ஏறிய விலை உங்கள் தலையில்தான்.

இந்தக் குழப்பத்துக்கு உங்கள் மகனைக் குறை சொல்ல மாட்டேன். பில் போட வேண்டிய இடத்தில் எஸ்டிமேட் என்று அச்சடித்த துண்டுச்சீட்டை நீட்டிப் பணம் வாங்கும் கடைகள் நம் பக்கம் எத்தனையோ. வரிக்குத் தப்ப அவர்கள் செய்கிற வேலையில், அந்தச் சொல்லின் பொருளே நம் ஊரில் தேய்ந்துபோயிற்று. பெங்களூர்க்காரர் கேட்டது உறுதி விலை. அதையே கொடுங்கள்.

ஆனால் தலைப்பு மட்டும் காப்பாற்றாது. தகராறு என்று வந்தால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எதிராளி ஏற்றுக்கொள்ளும் முன்பு நம் விலையை நாம் திரும்பப் பெறலாம். ஏற்று எழுதி அனுப்பிவிட்டால் முடியாது. காலவரம்பு போடாமல் விட்டால், ஆவணியில் சொன்ன விலையைக் கார்த்திகையில் வந்து பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பிறகு வாக்குவாதம்தான். அதனால் "வேலிட் டில்" என்று போட்டு ஒரு தேதி எழுதுங்கள்.

இங்கே டில் சரி, ஏனென்றால் விலை அந்தத் தேதி வரை நீடித்திருக்கிறது. தமிழில் 'வரை' வருகிற இடத்தில் டில் அல்லது அன்டில், 'க்குள்' வருகிற இடத்தில் பை. பாய் 20-ஆம் தேதிக்குள் வரும் என்றால் பை. அங்கே டில் போட்டால், 20-ஆம் தேதி வரை தினமும் பாய் அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள் என்று ஆகிவிடும். இதே போல "விதின் டென் டேஸ்" என்றால் பத்து நாளுக்குள். "இன் டென் டேஸ்" என்றால் பெரும்பாலும் பத்து நாள் கழித்து. டிஸ்பேட்ச், டெலிவரி இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். முன்னது பாய் பத்தமடையை விட்டுக் கிளம்பும் நாள், பின்னது அவர் கடைக்குப் போய்ச் சேரும் நாள். பார்சல் லாரி உங்கள் கையில் இல்லாதபோது, டிஸ்பேட்ச் தேதியை மட்டும் சொல்வதே நல்லது.

முன்பண விஷயம்தான் உங்களுக்கு முக்கியம். பெயர் நெய்த பாயை வேறு யாருக்கும் விற்க முடியாது. ஆங்கிலத்தில் அட்வான்ஸ் என்பது விலையின் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுப்பது. டெபாசிட் என்பது சொன்ன சொல்லை மீறாமல் இருக்கக் கொடுக்கும் பிணைப்பணம். ஆனால் பெங்களூரில் டெபாசிட் என்றதும் நினைவுக்கு வருவது, காலி செய்யும்போது திரும்பக் கிடைக்கும் வீட்டு வாடகைப் பணம். திருநெல்வேலியில் அதே பணத்துக்கு அட்வான்ஸ் என்று பெயர்! ஆக இரண்டு சொல்லுமே எதிராளியின் மனதில் "திரும்பி வரும் பணம்" என்று படலாம்.

2012-ல் ஒரு சொத்து விற்பனை வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்குப் பிணையாகக் கொடுத்த பணத்தை, வாங்குபவர் பின்வாங்கினால் விற்பவர் வைத்துக்கொள்ளலாம். வெறுமனே விலையின் ஒரு பகுதியாகக் கொடுத்ததை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. எனவே அட்வான்ஸ் என்றே எழுதுங்கள், ஆனால் கூடவே இன்னொரு வரி வேண்டும்: இந்தத் தொகை ஆர்டரை நிறைவேற்றுவதற்குப் பிணை, பெயர் நெய்யத் தொடங்கிய பிறகு ரத்து செய்தால் "நான்-ரீஃபண்டபிள்", அதாவது திருப்பித் தரப்படாது. தொகையும் அளவோடு இருக்கட்டும். முழு விலையையும் பிடித்துவைக்க நினைத்தால் நிற்காது.

நீங்கள் கேட்காத ஒன்று. சாம்பிள் என்று ஒரு பாயை அனுப்பி அதன் பேரில் ஆர்டர் வாங்கினால், 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி மொத்தச் சரக்கும் அந்தத் தரத்தில் இருக்க வேண்டும். சிறந்த நெசவாளி நெய்த பட்டுப்பாயை அனுப்பிவிட்டு, மற்றதைச் சாதாரணமாக நெய்து கொடுக்க முடியாது. சாய நிறம் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்றால் அதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

பில்லும் இன்வாய்ஸும் பெரும்பாலும் ஒரே தாள்தான்; கொடுப்பவர் இன்வாய்ஸ் என்பார், வாங்குபவர் பில் என்பார். ரிசீட் அப்படி இல்லை. அது பணம் கைக்கு வந்ததற்கான ஒப்புதல். மீதிப் பணம் வரும் முன்பே, சரக்கோடு ரிசீட் என்று தலைப்பிட்ட தாளை அனுப்பிவிடாதீர்கள்.