ஒரு நாணயம், ஒரு மரம்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் நவீன நாடகம் நடத்துகிறேன். ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்டின் 'மதர் கரேஜ்', அயர்லாந்து எழுத்தாளர் பெக்கெட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' இரண்டும் பாடத்தில் உள்ளன. இந்த ஆண்டு முதல் பிரதியோடு மேடைப் பொருட்கள், வடிவமைப்புப் படங்கள், ஓவியங்களையும் சேர்த்து நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பிரதியே போதாதா? யாரோ ஒருவர் செய்த வண்டியையும் மரத்தையும் காட்டிவிட்டால் மாணவர்களின் கற்பனை அதோடு நின்றுவிடாதா?

செ.

அன்புள்ள செ.,

நீங்கள் சொல்லும் ஆபத்து உண்டு. ஆனால் அது இரண்டு நாடகங்களுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது.

'மதர் கரேஜ்' கடைசிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். படைகளின் பின்னால் வண்டியோடு போய்ச் சரக்கு விற்றுப் பிழைக்கும் கரேஜ் என்ற தாயின் கதை அது. வாய் பேச முடியாத மகள் காத்ரின் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள். தாய் அவளுக்குத் தாலாட்டுப் பாடுகிறாள். பிறகு, அடக்கம் செய்யச் சொல்லி அங்கிருக்கும் குடியானவர்களிடம் பணத்தை எண்ணிக் கொடுக்கிறாள். பிரதியில் இருப்பது அவ்வளவுதான். பல வருடங்களுக்கு முன் படித்தபோது நான் அந்த வரியில் நிற்கக்கூட இல்லை. பிள்ளைகளையெல்லாம் போரில் இழந்த ஒரு தாயின் துயரம் என்றுதான் நாடகத்தை மூடி வைத்தேன்.

1949 ஜனவரியில் பெர்லினில் பிரெக்டின் மனைவியான நடிகை ஹெலனே வைகல் அந்தத் தாயாக நடித்தார். அந்தத் தயாரிப்பைப் புகைப்படங்களும் குறிப்புகளுமாக பிரெக்ட் ஒரு மாதிரிப் புத்தகமாகத் தொகுத்தார். அதில் இந்த இடத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. வைகல் தோல் பணப்பையில் கையை விட்டுக் காசுகளை எடுக்கிறார். அதில் ஒன்றை மட்டும் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கொடுக்கிறார்.

அந்த ஒரு நாணயம் என் வாசிப்பைப் புரட்டிப் போட்டது. மகளின் உடல் இன்னும் ஆறவில்லை, கை தன் பாட்டுக்குக் கணக்குப் பார்க்கிறது. அவள் கல்நெஞ்சக்காரி என்று அர்த்தமில்லை. துயரமும் உண்மை, கணக்கும் உண்மை. அதன் பிறகு முதல் காட்சிக்குப் போனேன். அங்கே பெல்ட் பக்கிள் விற்கும் பேரத்தில் அவள் மும்முரமாக இருக்கும்போதுதான் மூத்த மகனைப் படைக்கு இழுத்துப் போகிறார்கள். மூன்றாம் காட்சியில் இளைய மகனின் உயிருக்குக் கொடுக்க வேண்டிய லஞ்சத்தில் அவள் பேரம் பேசி முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. நாடகம் முழுக்க அந்தப் பை திறப்பதும் மூடுவதுமாக இருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

வண்டியும் அப்படித்தான். முதலில் இரண்டு மகன்கள் இழுக்க, தாயும் மகளும் மேலே உட்கார்ந்து வருகிறார்கள். கடைசியில் அவள் தனியாக இழுக்கிறாள். பெர்லின் மேடையில் வண்டி ஒரு திசையில் உருள, சுழல்மேடை எதிர்த்திசையில் சுற்றியது. எவ்வளவு இழுத்தாலும் வண்டி அதே இடத்தில்தான். பன்னிரண்டு ஆண்டுகளாகப் படைகளின் பின்னால் அலைந்தவள் எங்கும் போய்ச் சேரவில்லை என்பதை வசனத்தில் யாரும் சொல்வதில்லை. அந்த வண்டி இன்று பெர்லினுக்குக் கிழக்கே புக்கோ என்ற ஊரில், பிரெக்டும் வைகலும் கோடைகாலத்தில் வாழ்ந்த வீட்டின் படகுக் கொட்டகையில் இருக்கிறது. நான் நேரில் பார்த்ததில்லை, பார்க்க ஆசை உண்டு.

வைகலின் மேடைப் பொருட்களைப் பற்றியே பிரெக்ட் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். கவிஞன் சொல்லைத் தேடுவதுபோல வைகல் பொருளைத் தேடினார் என்கிறார். கரேஜ் தன் சட்டையில் செருகியிருக்கும் ஈயக் கரண்டியும் அந்தக் கவிதையில் வருகிறது. ஆக, பொருளையும் சொல்லைப் போலவே வாசிக்க வேண்டும் என்பதை நாடகத்தை எழுதியவரே சொல்லியிருக்கிறார். இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க முடியுமா?

சரி, கோதோவுக்கு வருவோம். ஒரு மரத்தருகே இரண்டு பேர், வராத கோதோவுக்காகக் காத்திருக்கும் நாடகம். இங்கே உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. 'ஒரு கிராமத்துச் சாலை. ஒரு மரம். மாலை.' பெக்கெட் வேண்டுமென்றே அதற்கு மேல் எதுவும் தராமல் விட்டிருக்கிறார். 1961இல் பாரிஸ் ஓடியோன் அரங்குக்காக சிற்பி ஜியாகோமெத்தி பிளாஸ்டரில் ஒரு மரம் செய்தார். அவரும் பெக்கெட்டும் ஓர் இரவு முழுக்க அதோடு மல்லுக்கட்டினார்கள். சிறிதாக்கினார்கள், பெரிதாக்கினார்கள், கிளைகளை இன்னும் மெல்லியதாக்கினார்கள். இருவருக்கும் திருப்தி வரவில்லை. எழுதியவருக்கே பிடிபடாத மரத்தை முதல் நாளே படமாகக் காட்டினால் மாணவர்கள் இதுதான் மரம் என்று முடிவு செய்துவிடுவார்கள்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் ஆளுக்கொரு மரம் வரையச் சொல்லுங்கள். இரண்டாம் அங்கத்தில் அதே மரத்தில் நாலைந்து இலைகள் வந்துவிடுகின்றன, அப்போது அந்தப் படத்தை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அப்புறம் ஜியாகோமெத்தியின் மரத்தைக் காட்டலாம். அதற்கும் பிறகு, ஜெர்மனியின் ட்ரெஸ்டன் அருங்காட்சியகத்தில் உள்ள, ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷின் 1819ஆம் ஆண்டு ஓவியத்தைக் காட்டுங்கள். வேர் பிடுங்கிய ஒரு மரம், முதுகைக் காட்டி நின்று நிலவைப் பார்க்கும் இரண்டு பேர். ஃப்ரீட்ரிஷின் நிலவு ஓவியத்திலிருந்துதான் இந்த நாடகம் வந்தது என்று பெக்கெட்டே பிற்காலத்தில் சொன்னார். படத்தைக் காட்டிய கையோடு, இரண்டு அங்கங்களிலும், கோதோ இன்று வரமாட்டார் என்று சொல்ல வரும் சிறுவன் போனதும் நிலா ஏறும் இடத்தைச் சத்தமாகப் படியுங்கள்.

கரேஜுக்கு இவ்வளவு ஜாக்கிரதை தேவையில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பொருளைக் கொடுங்கள். ஒருவருக்குப் பணப்பை, ஒருவருக்கு வண்டி, ஒருவருக்கு, காத்ரின் ஆசைப்படும் சிவப்பு பூட்ஸ். பன்னிரண்டு காட்சிகளிலும் அந்தப் பொருளை யார் தொடுகிறார்கள், யார் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று மட்டும் குறித்து வரட்டும். பூட்ஸை எடுத்துக்கொள்ளும் மாணவர் ஆறாம் காட்சியில் என்ன எழுதி வருகிறார் என்று எனக்குத் தெரியப்படுத்துங்கள்.