ஓய்வூதியக் கணக்கில் நாய்க்கும் ஓர் இடம்: கேள்வி பதில்

கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் நாய்க் கேள்விகள் என்னிடம் வரும். ஓய்வூதியர் சங்கத்தில் படிவம் நிரப்பித் தருகிறவன் என்பதால் பணக் கேள்விகளும் வரும். இந்தமுறை இரண்டும் பின்னிக்கொண்டே வந்திருக்கின்றன. அதுவும் நல்லதுதான். வேலூரில் நாய் வளர்க்கும் வீடுகளில் பாதிக்கு மேல் பிள்ளைகள் வெளியூரிலும், பெரியவர்கள் வீட்டிலுமாக இருப்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

வாலாஜாபேட்டையிலிருந்து ஓர் ஆசிரியர்: சார், வரும் மே மாதம் 60 முடிந்து ஓய்வு பெறுகிறேன். "இனிமேல் வீட்டில்தானே இருப்பீர்கள், ஒரு லேப்ரடார் குட்டி வாங்கலாம்" என்கிறாள் மனைவி. வாங்கலாமா?

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இந்தப் பக்கம் உங்கள் வயது, அந்தப் பக்கம் நாயின் வயது. லேப்ரடார் பத்திலிருந்து பன்னிரண்டு ஆண்டு இருக்கும். அது ஒரு வயதில் முப்பது கிலோ எடையோடு கயிற்றை இழுக்கும்போது உங்களுக்கு 61. சமாளித்துவிடலாம். அதற்கு எட்டு, ஒன்பது வயதாகி, பின்னங்கால் மூட்டு தேய்ந்து, படியேறத் தூக்கிவிட வேண்டி வரும்போது உங்களுக்கு 69. அன்றைக்கு அதைத் தூக்க வீட்டில் யார் இருப்பார்கள்? அந்தப் பெயரைத் தாளில் எழுத முடிந்தால் வாங்குங்கள்.

இன்னொன்று, நம் ஊர் வெயில். அடர்ந்த ரோமத்தோடு குளிர்நாட்டில் உருவான இனத்தைக் கத்திரி வெயிலில் வேலூரில் வைத்திருப்பது நாய்க்கும் கஷ்டம், கரண்ட் பில்லுக்கும் கஷ்டம். "அப்போ ராஜபாளையம், சிப்பிப்பாறை?" என்று அடுத்துக் கேட்பீர்கள். வெயில் தாங்கும், சரி. ஆனால் அவை வேட்டைக்கு ஓடிப் பழகிய இனங்கள். தினமும் ஓடவிட நிலம் வேண்டும், ஓட்டிப் போக ஆளும் வேண்டும். நான் சொல்வது, இரண்டு மூன்று வயதான, குணம் தெரிந்த நாட்டு நாயாக எடுங்கள். பதினைந்து கிலோ சுற்றி இருக்கும், உங்களைக் கீழே தள்ளாது. குட்டியாக வந்தால் முதல் வருஷம் முழுக்கத் தரை துடைக்கப்போவது யார் என்று உங்கள் மனைவியைக் கேளுங்கள். பேச்சு தானாகவே மாறும்.

காட்பாடி காந்தி நகரிலிருந்து ஓர் அம்மா: மகளுக்கு அமெரிக்காவில் பிரசவம். நானும் அவரும் ஆறு மாதம் போயாக வேண்டும். ஒன்பது வயது பொமரேனியன் ஒன்று இருக்கிறது. எங்களை விட்டு ஒரு நாள்கூட இருந்ததில்லை. கூட்டிக்கொண்டு போகலாமா?

வேண்டாம்மா. வெறிநோய் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் அமெரிக்கா நம்மை வைத்திருக்கிறது. 2024 ஆகஸ்டிலிருந்து விதியை இன்னும் இறுக்கிவிட்டார்கள். மைக்ரோசிப், தடுப்பூசிச் சான்று, ரத்தப் பரிசோதனை என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஆறு மாதத்துக்காக ஒன்பது வயது நாயை அந்தப் பாடு படுத்தக் கூடாது.

"ஒரு நாள்கூட இருந்ததில்லை" என்கிறீர்களே, முதலில் அதைச் சரி செய்யுங்கள். டிக்கெட் போட்ட அன்றே ஒத்திகையை ஆரம்பித்துவிட வேண்டும். பார்த்துக்கொள்ளப் போகிறவர் தினமும் உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் முன்னாலேயே அதன் தட்டில் சோறு போடட்டும். இரண்டாவது வாரம் நீங்கள் வெளியே போய்விட்டு இரவு வாருங்கள். அப்புறம் ஒரு ராத்திரி திருத்தணிக்கோ திருவண்ணாமலைக்கோ போய்த் தங்கிவிட்டு வாருங்கள். நாய் சாப்பிட்டதா, கதவருகிலேயே படுத்துக் கிடந்ததா என்று விசாரியுங்கள். சாப்பிட்டிருந்தால் பாதிக் கவலை விட்டது.

நாயை இடம் மாற்றுவதைவிட ஆள் நம் வீட்டுக்கு வருவது நல்லது. வயதான நாய்க்கு வீட்டு வாசனைதான் பெரிய தைரியம். கிளம்பும் முன் ஒரு பக்கம் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்: என்ன மருந்து, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எந்த மருத்துவர், அவசரத்துக்கு எவ்வளவு வரை செலவு செய்யலாம், அந்தப் பணம் எங்கே இருக்கிறது. கடைசி இரண்டும் இல்லாவிட்டால், நடு ராத்திரியில் பாவம், நாயைப் பார்த்துக்கொள்கிறவர் உங்களுக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டு நிற்பார்.

சத்துவாச்சாரி: பகலில் நாயை மொட்டை மாடியில் கட்டிவைக்கிறோம். தண்ணீர் வைத்துவிடுகிறோம். போதாதா?

போதாது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பு முழுக்க வேர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சுற்றியுள்ள காற்றே கொதித்தால் அதுவும் பலிக்காது. அதன் இயல்பான சூடு 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104 தாண்டினால் ஆபத்து, 106-ஐத் தொட்டால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பிக்கும். மே மாதத்து வெளிக்காற்றே இங்கே அந்த அளவில்தான் இருக்கிறது. மூச்சு இரைத்து, எச்சில் கயிறாக ஒழுகி, ஈறு செக்கச்செவேல் என்று ஆகி, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டு வந்து, வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் சாதாரணக் குழாய்த் தண்ணீரால் நனைத்து ஃபேன் போடுங்கள். ஐஸ் வேண்டாம். நனைத்தபடியே மருத்துவரிடம் கொண்டு போங்கள். மாடியில் உள்ள கட்டுத்தறியை இன்றே கழற்றிவிடுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து, தோல் தொழிற்சாலையில் 31 வருஷம்: 58 முடிந்து நிற்கிறேன். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 18 லட்சம் வரும். பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இதில் தெருவிலிருந்து வந்த ஒரு நாய் வேறு வீட்டோடு ஒட்டிக்கொண்டது. மாதச் செலவுக்கு வழி சொல்லுங்கள்.

முதலில் பி.எஃப். ஓய்வூதியம். பத்து வருஷத்துக்கு மேல் சேவை இருப்பதால் 58-இல் உங்களுக்கு அது உண்டு. தொகை சின்னதுதான், ஆனால் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். அப்புறம் போஸ்ட் ஆபீஸின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 60 ஆகவில்லையே என்று தயங்க வேண்டாம். 55-க்கு மேல் ஓய்வு பெற்றவர்கள், பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அந்தப் பணத்தை அதில் போடலாம். இந்த மூன்று மாதத்தை நழுவவிட்டுவிட்டு வந்து நிற்பவர்கள்தான் அதிகம். 2025-இல் வட்டி 8.2 சதவீதம். போடும் அன்று என்ன விகிதமோ அதுவே ஐந்து வருஷத்துக்கும். 12 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 24,600 ரூபாய், அதாவது மாதம் 8,200. இடையில் எடுத்தால் பிடித்தம் உண்டு, அதனால் மொத்தத்தையும் அதில் முடக்காதீர்கள். நாலு லட்சத்தை வங்கியில் இரண்டு மூன்று வைப்பாகப் பிரித்துப் போடுங்கள். அது ஆஸ்பத்திரிக்கு. மீதி கையிருப்பு.

கல்யாணம். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், சொல்லாமலும் இருக்க முடியவில்லை. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஓய்வுப் பணத்தைக் கொட்டிவிட்டு, அடுத்த வருஷம் வாட்ச்மேன் வேலை தேடுகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். உங்கள் பெண் வேலைக்குப் போகிறாள் என்றால் அவளையும் உட்காரவைத்து இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இப்போது பெண்கள் நம்மைவிடத் தெளிவாகப் பேசுகிறார்கள்.

நாய்க்கு வருகிறேன். தெருவிலிருந்து வந்த நாய்க்குப் பெரிய செலவு கிடையாது. வீட்டுச் சோறு, முட்டை, மாதாமாதம் உண்ணி மருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து, வருஷத்துக்கு ஒருமுறை தடுப்பூசி. பெட்டையாக இருந்தால் கருத்தடையை இப்போதே செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் வயதான பிறகு கர்ப்பப்பையில் சீழ் வைத்து, அவசர அறுவை சிகிச்சை வரை கொண்டு போய்விடும். மாதம் ஐந்நூறு ரூபாய் நாயின் பெயரில் தனி உண்டியலோ தொடர் வைப்போ போடுங்கள். உங்கள் மனைவியின் ஆஸ்பத்திரிப் பணத்தோடு அதைக் கலக்காதீர்கள். நாயைப் பிடித்த வீட்டில்கூட அந்த இடத்தில்தான் சண்டை வரும்.

ஆரணி பக்கத்துக் கிராமம், இப்போது சென்னை: அப்பா இறந்த பிறகு 76 வயது அம்மா தனியாக இருக்கிறார். சென்னைக்கு வர மறுக்கிறார். துணைக்கும் காவலுக்கும் ஒரு நல்ல ஜாதி நாய் வாங்கிக் கொடுக்கலாம் என்று அண்ணன் சொல்கிறார்.

உங்கள் அம்மாவின் வாசலில் ஏற்கெனவே ஒரு நாய் படுத்திருக்கும், பார்த்தீர்களா? அவர் மிச்சச் சோற்றை வைக்கும் நேரத்துக்கு அது சரியாக வந்து நிற்கும். அதைத்தான் நான் எடுப்பேன். தடுப்பூசி, கருத்தடை, ஒரு கழுத்துப்பட்டை, அவ்வளவுதான். அதற்கு அம்மாவைத் தெரியும், அம்மாவுக்கு அதைத் தெரியும். 76 வயதில் புதுக் குட்டி பரிசல்ல, வேலை.

காவலுக்கு ஜாதி நாய்தான் வேண்டும் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தால், நம் பழைய வட ஆற்காட்டில், இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் எடுத்தனூருக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று அங்கே இருக்கிறது. வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதற்குப் பெயர். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அது என்ன ஜாதி என்று எழுதவில்லை.

இரண்டு எச்சரிக்கை. அம்மா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நாயைக் கூட்டிப் போகவே கூடாது. பூனையைக் கண்டு அது பாய்ந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். ராத்திரி அது காலடியில் படுக்கும், இருட்டில் தடுக்கும். கட்டிலிலிருந்து கழிவறை வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும். நாய் வந்துவிட்டது என்பதற்காக உங்கள் போன் குறையக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

குடியாத்தத்திலிருந்து, தனியாக வாழும் பெண், வயது 63: எனக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு நாய்கள்தான். எனக்குப் பிறகு வீட்டை அவற்றின் பெயருக்கு எழுத முடியுமா?

நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வர மாட்டேன் என்று தருமர் நின்ற கதை, பாரதக் கூத்து பார்த்த நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சட்டம் அவ்வளவு தாராளம் இல்லை. நாயின் பெயரில் சொத்து எழுத முடியாது. சட்டத்தின் கண்ணில் நாயே ஒரு சொத்துதான். ஆனால் ஒரு மனிதருக்கு எழுதலாம்: "என் நாய்களை இன்னார் வளர்க்க வேண்டும், அதற்காக இவ்வளவு தொகை அவருக்கு" என்று உயிலில் வைக்கலாம். ரத்தன் டாடா 2024-இல் காலமானபோது, தன் நாயின் பராமரிப்புக்கு உயிலில் ஏற்பாடு செய்திருந்தார் என்று பத்திரிகைகளில் வந்ததே, அதுமாதிரிதான். தொகை பெரிதாக இருந்தால் வழக்கறிஞரை வைத்து அறக்கட்டளையாக எழுதுங்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். பதிவு கட்டாயம் இல்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். நாமினி போட்டிருக்கிறேனே என்று இருந்துவிடவும் வேண்டாம். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்பவர், உரிமை வாரிசுக்கு அல்லது உயிலில் உள்ளவருக்கு.

இதைவிட முக்கியம் ஒன்று உண்டு. உயிலைப் பிரித்துப் படிக்க மாதங்கள் ஆகும். நாய்க்கு மறுநாள் காலையிலேயே பசிக்கும். அதனால் பக்கத்து வீட்டில் ஒருவரிடம் இப்போதே பேசி, ஒரு சாவியும் கொஞ்சம் ரொக்கமும் கொடுத்துவையுங்கள்.

ஆற்காடு: தடுப்பூசி போட்ட எங்கள் வீட்டு நாயின் பல் பேரன் கையில் லேசாகக் கீறிவிட்டது. பாட்டி மிளகாய்த்தூள் வைத்துக் கட்டிவிட்டார். ஊசி வேண்டுமா?

கட்டைப் பிரித்து, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். தோலில் போடும் முறை என்றால் முதல் நாளைப் பூஜ்யமாக வைத்து 3, 7, 28-ஆம் நாள்களில் போடுவார்கள். ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும், மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டு நாய்தானே என்று யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு வைத்தியம் கிடையாது.

தொரப்பாடி: தாத்தாவின் நாய் பதினான்கு வயதில் இறந்துவிட்டது. அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. உடனே இன்னொன்று கொண்டு வந்துவிடலாமா?

அவரைக் கேட்காமல் வேண்டாம். நாய் போனதோடு அவருடைய காலை நடையும் போயிருக்கும், வழியில் பேசும் ஆட்களும் போயிருப்பார்கள். நாளையிலிருந்து அதே நேரத்தில், அதே தெருவில் நீங்கள் கூட நடங்கள். டீக்கடையில் நின்று அவர் நாயைப் பற்றிப் பேசட்டும், "அது போனால் என்ன தாத்தா" என்று மட்டும் சொல்லாதீர்கள். சில மாதத்தில் அவரே எந்தத் தெரு நாய்க்காவது பிஸ்கட் வாங்குவார். இரண்டு வாரத்துக்கு மேலும் சாப்பாடு, தூக்கம் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாகாயம்: மகனோடு இருக்கப் பெங்களூருக்கு வீடு மாறுகிறோம். நாயை ரயிலில் கொண்டு போக முடியுமா? அங்கே அடுக்குமாடியில் விடுவார்களா?

நாய் வளர்க்கவே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது. விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. நீங்களும் மலத்தை அள்ளுங்கள், பொது இடத்தில் கயிறு போடுங்கள். ரயிலில் முதல் வகுப்பு ஏசியில் கூபே என்கிற தனி அறை முழுவதும் உங்களுக்குக் கிடைத்தால் கூடவே வரலாம். இல்லாவிட்டால் காட்பாடி பார்சல் ஆபீஸில் பதிந்து, ரயில் கார்டு இருக்கும் பெட்டியிலுள்ள கூண்டில் அனுப்ப வேண்டும். அந்தக் கூண்டில் நான் என் நாயை அனுப்ப மாட்டேன். காரே எளிது. விடிவதற்கு முன் கிளம்புங்கள், கிளம்பும் முன் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் மட்டும். ஆம்பூரில் பிரியாணிக்கு நிற்பீர்கள், தெரியும். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் நாயை விட்டுவிட்டு எல்லோரும் இறங்காதீர்கள். ஒருவர் கூடவே நிற்கட்டும், அவருக்குப் பார்சல் வாங்கிக்கொள்ளலாம்.