அண்ணன்களின் பங்கை வாங்கி, பெற்றோர் வீட்டைக் கடனில் புதுப்பிக்கலாமா?

சேலத்தில் உள்ள பெற்றோர் வீட்டில் அண்ணன்களின் பங்கை வாங்கிப் புதுப்பிக்க வங்கிக் கடன் எடுக்கலாமா, அல்லது வீட்டை விற்றுவிட்டு அடுக்ககம் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், வீட்டையே வாங்குங்கள். பங்கின் விலையையும் புதுப்பிக்கும் செலவையும் முதலிலேயே ஒரே கணக்காகப் போட்டுக்கொண்டு வங்கிக்குச் செல்லுங்கள்.

நீங்களும் மணமாகிச் சென்ற மகள்தான் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். அம்மாபேட்டையில் எங்கள் அப்பா தறி நெய்த வீட்டை நான் வாங்க முன்வந்தபோது, கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீடு எதற்கு என்று உறவினர்கள் கேட்டார்கள். உயில் எழுதாமல் மறைந்த தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு மகளுக்கும் உண்டு என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. அம்மாவும் காலமாகிவிட்டதால் மூன்றில் ஒரு பங்கு எனக்கு ஏற்கெனவே இருந்தது. மற்ற இரண்டையும் அன்றைய சந்தை விலை கொடுத்தே வாங்கினேன். உடன்பிறந்தவர்களிடம் விலை பேசுவது அழகல்ல என்று சொல்வோர் இருக்கலாம். விலை பேசாமல் விட்டுக்கொடுத்துவிட்டுப் பிற்பாடு பேச்சுவார்த்தையே இல்லாமல் போன குடும்பங்களை எங்கள் தெருவிலேயே பார்த்தவள் நான். என் எண்ணத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

வீட்டின் மதிப்பு 36 லட்சம், ஆளுக்கு 12 லட்சம். நான் முதலில் அணுகிய வங்கிக் கிளையில், கிரயப் பத்திரம் எழுதினால்தான் கடன் என்றார்கள். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து, 24 லட்சத்துக்கு 2,16,000 ரூபாய் ஆகும். ஒருவர் தம் பங்கின் உரிமையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதாகக் குடும்பத்தினருக்குள் எழுதிக்கொள்ளும் விடுதலைப் பத்திரத்துக்கோ தீர்வை 1 சதவீதம், கட்டணம் 1 சதவீதம். அவற்றுக்கும் முறையே 40,000, 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு இருப்பதால், 12 லட்சம் பெறும் ஒரு பங்கு 22,000 ரூபாயில் முடிந்துவிடும். இதை எடுத்துச் சொல்லியும் அந்தக் கிளையில் காதில் போட்டுக்கொள்ளாமல், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அலைக்கழித்தார்கள். வேறொரு வங்கியின் வழக்கறிஞர் விடுதலைப் பத்திரத்தை ஏற்றுக்கொண்டார். ஆகவே விண்ணப்பத்தைக் கொடுக்கும் முன்பே இந்த ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இனிப் புதுப்பிக்கும் செலவு. ஓட்டுக்கூரையின் கைமரங்களைக் கரையான் அரித்திருந்தது; கூடத்தில் இரண்டு தறிக்குழிகள் இருந்தன. மண்சாந்து வைத்துக் கட்டிய சுவர் காங்கிரீட் தளத்தின் பாரத்தைத் தாங்காது, தூண் எழுப்பித்தான் தளம் போட வேண்டும் என்று பொறியாளர் சொன்னதால், 5 லட்சம் என்று நாங்கள் எண்ணியிருந்த செலவு 8 லட்சமானது. பங்கின் விலையைப் பேசும் முன்பே அந்த மதிப்பீட்டை வாங்கி அண்ணன்களிடம் காட்டியிருந்தேன். எங்களுக்குள் பிற்பாடு ஒரு சொல்கூட எழாததற்கு அதுவே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். வங்கியின் மதிப்பீட்டாளர் நிலத்துக்கு மட்டும் விலை போட்டு, அப்பா கட்டிய வீட்டுக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆக மொத்தம் 32 லட்சத்தில் 7 லட்சம் எங்கள் சேமிப்பு, 25 லட்சம் கடன். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பின் 90 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம் வரையும் ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது என்பதால் 30 லட்சத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம். 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு லட்சத்துக்கு மாதம் சுமார் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தவணை 22,500 வருகிறது. புதுப்பிக்கும் 8 லட்சத்தை மட்டும் தனிநபர் கடனாக 14 சதவீதத்தில் ஐந்தாண்டுக்கு எடுத்திருந்தால் அதற்கே மாதம் 18,600 ரூபாய் கட்ட வேண்டும். வீட்டுக் கடனிலேயே சேர்த்ததால் அது 7,200 ரூபாயோடு நிற்கிறது. இருபது ஆண்டுகளில் வட்டி கூடுதலாகப் போகுமே என்று சிலர் கணக்குக் காட்டுவார்கள். அது சரியான கணக்குதான். ஆனால் அவ்வப்போது ஏறி இறங்கும் ஃப்ளோட்டிங் வட்டியில் தனிநபர்கள் எடுக்கும் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது விதி என்பதால், கையில் பணம் சேரும்போதெல்லாம் அசலில் கட்டி வருகிறோம்.

புதுப்பிக்கும் தொகையை வங்கி வேலையின் கட்டத்தைப் பார்த்துத்தான் விடுவிக்கும், கொத்தனாரோ கம்பிக்கும் சிமெண்ட்டுக்கும் முன்பணம் கேட்பார். முதல் கட்டச் செலவையும் பத்திரச் செலவையும் கைப்பணமாகத் தனியே எடுத்து வையுங்கள். அண்ணன்களுக்குக் கொடுக்கும் தொகை முழுவதும் வங்கிக் கணக்கு வழியாகவே போகட்டும். பத்திரம் பதிவானதும் பட்டா, மாநகராட்சி வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்ற உடனே விண்ணப்பித்துவிடுங்கள்.